இரண்டு பேருக்கும் ஒரே எண்

ஷட்டர்காரருக்குப் போலீஸ் என்றால் பயம் இல்லை, ஏக்கம். மற்றவர்கள் போலீஸ் வண்டியைக் கண்டால் சட்டைப்பையில் லைசென்ஸைத் தடவிப் பார்ப்பார்கள். அவர் மட்டும் கையில் இருக்கும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, வண்டி தன் கடை வாசலில் நிற்குமா என்று எட்டிப் பார்ப்பார். நிற்காமல் போய்விட்டால் அன்று முழுக்க முகம் சுண்டிப்போய் இருக்கும். என்ன கிறுக்குத்தனம் என்றுதான் யாருக்கும் தோன்றும். விஷயத்தைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

கடைத்தெருவில் எந்த இரும்பு ஷட்டர் மக்கர் செய்தாலும் ஆள் அவரிடம்தான் வரும். மேலே உருளைக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. அது தளர்ந்துவிட்டால் நான்கு ஆள் சேர்ந்து தூக்கினாலும் ஷட்டர் அசையாது. சரியாக முறுக்கிவிட்டால் கடைக்காரரின் மனைவி ஒரு கையில் டிபன் பையை வைத்துக்கொண்டு மறு கையால் தூக்கிவிடலாம். ஏணியில் ஏறி நின்று அந்த ஸ்பிரிங்கோடு மல்லுக்கட்டுவதுதான் அவருடைய பிழைப்பு. உள்ளங்கை ரேகையெல்லாம் கிரீஸ். சோப்பு போட்டுத் தேய்த்துத் தேய்த்து மனைவி அலுத்துவிட்டாள். அவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், சுத்தம் என்றால் உயிரை விடுவாள். அவருக்கு வாழ்க்கைப்பட்டது அவளுடைய போதாத காலம்.

அவர் தனியாகப் பிறந்தவர் இல்லை. இரட்டையரில் இளையவர். மூத்தவன் சில நிமிஷம் முந்திக்கொண்டான், அந்தச் சில நிமிஷத்துக்காக அவன் பெரியவன், இவர் சின்னவன் என்று வீட்டில் ஆகிவிட்டது. அச்சு அசல் ஒரே முகம், ஒரே குரல், ஒரே தெற்றுப்பல். அம்மா ஒருத்தி மட்டும்தான் ஆளை மாற்றிக் கூப்பிட்டதே இல்லை. அப்பா சர்வசாதாரணமாக ஆள் மாற்றி அடிப்பார். அடி வாங்கியவன், "நான் இல்லப்பா, அவன்தான் செஞ்சான்" என்று அழுதால், "சரி, அவன்கிட்ட சொல்லிடு" என்று போய்விடுவார்.

சின்னவனுக்கு இதெல்லாம் வேடிக்கை. உலகத்தில் எல்லோரும் ஒற்றையாகத் திரிகிறார்கள், நாம் மட்டும் ஜோடியாக இருக்கிறோம் என்று உள்ளூரப் பெருமைகூட உண்டு. பெரியவனுக்கு வேப்பங்காய். முடி வெட்டப் போனால், "நேத்துதானப்பா வெட்டிட்டுப் போன?" என்பார் கடைக்காரர். பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினால், "நீ வாங்கினதா, அவன் வாங்கினதா?" என்று வாத்தியார் கேட்பார். கேட்பவர்கள் எல்லோரும் தாங்களே முதன்முதலாக அந்த நகைச்சுவையைக் கண்டுபிடித்த மாதிரிச் சிரிப்பார்கள். பெரியவனும் சிரித்து வைப்பான். சிரித்துச் சிரித்தே உள்ளே வெந்துபோனான்.

அது வெடித்த நாள் இவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. இருவருக்கும் இருபது வயது தாண்டியிருந்தது. பெரியவனுக்கு ஒரு பெண் மேல் பிரியம். டைப்பிங் வகுப்புக்கு வருபவள். அவளும் அவனைப் பார்த்துப் பேச ஆரம்பித்திருந்தாள். ஒருநாள் பஸ் ஸ்டாப்பில் அவள் சின்னவனைப் பார்த்து முகமெல்லாம் மலரச் சிரித்தாள். யாரோ தெரிந்த பெண் போலிருக்கிறது என்று இவரும் மரியாதைக்குச் சிரித்தார். அதைப் பெரியவன் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டான்.

அன்று சாயங்காலம் அவன் சண்டை போடவில்லை. துணிமணிகளை எடுத்துப் பையில் வைத்தான்.

"எங்கடா?"

"எங்கயோ. நீ இல்லாத இடத்துக்கு."

"நான் என்னடா பண்ணேன்? அந்தப் பொண்ணு யாருன்னுகூட எனக்குத் தெரியாது."

"உன்மேல கோபம் இல்லடா சின்னவனே. அவ என்னைப் பார்த்துச் சிரிக்கலை. இந்த மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சா. எனக்கே எனக்குன்னு ஒரு மூஞ்சி வேணும், அவ்வளவுதான். என்னைத் தேடாதீங்க."

அவ்வளவுதான் என்று சொன்னானே, அவ்வளவுதான். ஒரு கடிதம் இல்லை, போன் இல்லை. அப்பா கோபத்திலேயே போய்ச் சேர்ந்தார். அம்மா அப்படிக் கோபப்படத் தெரியாதவள். கடைசி காலத்தில் சின்னவனைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "கொஞ்சம் சிரிடா, அவனையும் பார்த்த மாதிரி இருக்கும்" என்பாள். இவர் சிரிப்பார். ஆள் மாற்றாத அம்மாவே கடைசியில் இந்த முகத்தில் அவனைத் தேடிச் சமாதானம் செய்துகொண்டாள். அம்மாவுக்கு அதுவாவது இருந்தது. இவருக்கு யார் சிரித்துக் காட்டுவது? பக்கத்தில் இன்னொரு கட்டில் கிடந்த அறையில் படுத்து வளர்ந்த மனிதர், கல்யாணமாகி, பெண்ணைப் பெற்று, அவளையும் கட்டிக் கொடுத்த பிறகும் அந்த இன்னொரு கட்டிலுக்காக ஏங்கிக்கொண்டிருந்தார். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவும் இல்லை.

போலீஸில் போய்க் கேட்காமலும் இல்லை. "வயசு வந்த ஆள், சொல்லிட்டுத்தானே போயிருக்காரு? அப்புறம் எப்படிங்க காணாமப் போனவர்னு எழுதுறது?" என்று கேட்டார்கள். கொண்டுபோன மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

இந்த நிலைமையில்தான் இவரையே போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஒரு செல்போன் கடையில் திருட்டு. பூட்டு உடையவில்லை, ஷட்டரை மட்டும் யாரோ பக்குவமாக நெம்பித் தூக்கியிருக்கிறார்கள். அந்த ஷட்டரைக் கடைசியாகப் பழுது பார்த்தவர் யார்? அப்புறம் கேட்க வேண்டுமா. கொண்டுபோய் உட்கார வைத்து, விரல் ரேகை எடுத்தார்கள். பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்து எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் நாளே திருடன் அகப்பட்டுவிட்டான். வேறு யார், கடை முதலாளியின் மச்சான்தான். ஷட்டர்காரரைப் போகச் சொல்லிவிட்டார்கள். மன்னிப்பெல்லாம் கேட்கிற வழக்கம் அங்கே இல்லை.

கொஞ்ச நாளில் ஒரு வக்கீலம்மா கடைக்கு வந்தாள். இலவச சட்ட உதவி மையத்தில் இருப்பவள், சின்ன வயது. இப்படித் தப்பாகப் பிடிபட்டவர்களைத் தேடிப் போய் உதவுவது அவள் வேலை. ஏணிக்குக் கீழே நின்றுகொண்டு அவள் விளக்கினாள். கன்னத்தில் எடுத்ததிலிருந்து அவரவர் உடம்புக்கே உரிய சில எண்களைக் கண்டுபிடித்து, நாடு முழுவதற்கும் பொதுவான டி.என்.ஏ. தரவுத்தளத்தில் போட்டுவிடுவார்கள். எங்கே குற்றம் நடந்தாலும் அங்கே கிடைக்கிற ரத்தத்திலும் எச்சிலிலும் உள்ள எண்களை இவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பொருந்தினால் அந்த ஆளின் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள்.

"நீங்க குற்றம் செய்யாதவர். உங்க எண் அங்க இருக்கக் கூடாது. அழிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தா அழிச்சே ஆகணும், சட்டம் இருக்கு. ஆனா நாமளா கேக்கணும். கேக்காட்டி அது பாட்டுக்கு அங்கயே கிடக்கும்."

"அதுக்கென்னம்மா, போட்டுடலாம்" என்று இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். போகிற போக்கில்தான் அதைக் கேட்டார். "எனக்கு ஒரு இரட்டை அண்ணன் இருக்கான்மா. எங்க இருக்கான்னு தெரியாது. அவனுக்கும் சேர்த்து எழுதணுமா?"

வக்கீலம்மா சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்தினாள். "ஒரே மாதிரி இருப்பீங்களா?"

"அப்பாவே ஆள் மாத்தி அடிப்பாரு."

அவள் யாருக்கோ போன் செய்தாள். பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் தோழியாம். பேசி முடித்துவிட்டு விசித்திரமாக இவரைப் பார்த்தாள். "உங்க ரெண்டு பேருக்கும் ஒரே எண்தானாம். சோதனையில பிரிச்சுப் பார்க்க முடியாதாம். உங்க அண்ணன் எங்கயாவது மாட்டினா உங்களைத்தான் வந்து பிடிப்பாங்க. இதுக்காகவே நீங்க உடனே அழிச்சாகணும், சார்."

ஷட்டர்காரர் பேனாவை மூடி அவள் கையில் கொடுத்துவிட்டார்.

அவருக்கு ஓடிய கணக்கு இதுதான். பெரியவன் எங்கோ இருக்கிறான். இருப்பவன் என்றைக்காவது எங்கேயாவது கையைக் கிழித்துக்கொள்வான். அது போலீஸ் பார்க்கிற இடமாக இருந்துவிட்டால், அந்த எண் நேராக இந்தக் கடை வாசலுக்கு வந்து நிற்கும். ஊர் உலகத்தில் அவன் இருக்கும் இடத்தை இவருக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்தக் கம்ப்யூட்டர்தான். அதன் வாயை அடைக்க இவர் கையெழுத்துப் போடுவாரா?

வக்கீலம்மா இன்னொரு வழியும் சொல்லிப் பார்த்தாள். காணாமல் போனவர்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது, சொந்தக்காரர்கள் தங்கள் மாதிரியைக் கொடுத்துவைக்கலாம், குற்றவாளிகளோடு சேர்க்க மாட்டார்கள் என்றாள்.

"அதை எதோடம்மா ஒப்பிடுவாங்க?"

அவள் தயங்கினாள். "பெரும்பாலும்... அடையாளம் தெரியாத சடலங்களோட."

"வேண்டாம்மா. நான் செத்தவனைத் தேடலை. திருடங்களோடயே நான் இருந்துக்கிறேன்."

சட்டம் எழுதியவர்கள் வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் கிடையாது போலிருக்கிறது. என் எண் என்னுடையது, அழிப்பதும் வைப்பதும் என் உரிமை என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ஒரே எண்ணில் இரண்டு பேர் குடியிருந்தால் யாரைக் கேட்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இல்லை. ஷட்டர்காரரும் அப்போது அதை யோசிக்கவில்லை. ஏக்கம் பிடித்தவனுக்கு நியாயம் தெரியுமா என்ன.

அதற்குப் பிறகுதான் போலீஸ் வண்டியை எட்டிப் பார்க்கும் பழக்கம் வந்தது. ஸ்டேஷன் கேட்டுக்கு எண்ணெய் போடும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். போகும்போதெல்லாம் ஏட்டையாவிடம், "என் பேர்ல ஏதாவது வந்திருக்கா?" என்று கேட்பார். "உங்களை மாதிரி ஆளை என் சர்வீஸ்ல பார்த்ததில்லைய்யா. கேஸ் வேணும்னா ஏதாவது தப்புப் பண்ணிட்டு வாங்க" என்பார் ஏட்டையா. மனைவி ஒருபடி மேலே போய்விட்டாள். "கூடப் பிறந்தவன் தப்புப் பண்ணணும்னு வேண்டிக்கிற தம்பியை உலகத்துலயே இங்கதான் பார்க்கலாம்" என்றாள். அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் வேண்டிக்கொள்வதை நிறுத்தவில்லை. பெரிய தப்பு வேண்டாம், சின்னதாக ஒன்று போதும் என்று திருத்திக்கொண்டார்.

வருஷங்கள் போயின. ஒரு மத்தியானம் மனைவி சாப்பாடு கொண்டுவந்து வைத்த நேரத்தில் அந்த வண்டி வந்தது. நின்றது. வெளியூர் இன்ஸ்பெக்டரம்மா ஒருத்தி இறங்கினாள், பின்னால் இரண்டு போலீஸ்காரர்கள்.

"நீங்கதானே ஷட்டர் வேலை பார்க்கிறவர்? எங்க ஊர்ல ஒரு வேனைத் திருடிக் கொண்டுபோய் பஸ் நிழற்குடையில மோதியிருக்காங்க. ஓட்டினவர் ஓடிட்டார். ஸ்டீயரிங்ல ரத்தம். அந்த ரத்தம் உங்களோடதுன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. என்னிக்கு நடந்துச்சு தெரியுமா?"

அவள் தேதியைச் சொன்னாள். அன்று முழுக்க இவர் பாங்க் ஷட்டரில் தொங்கிக்கொண்டிருந்தார், மூன்று காமிராக்கள் சாட்சி. ஆனால் அதெல்லாம் அவர் வாயில் வரவில்லை. கண்ணில் நீர் கொட்டியது. "இருக்கான்! அடியே, பெரியவன் உயிரோட இருக்கான்!" என்று மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார். இன்ஸ்பெக்டரம்மாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். டீக்கு ஆள் அனுப்பினார், பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டினார். தலைகால் புரியவில்லை மனிதருக்கு. "அது நான் இல்லம்மா, எங்க அண்ணன். ரெட்டை. எங்களுக்கு ஒரே எண். எப்படி இருக்கான்? அடி பலமா? நிறைய ரத்தமா?"

இன்ஸ்பெக்டரம்மா பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். "அண்ணன் பேர் என்ன? கடைசியா எப்பப் பார்த்தீங்க? போட்டோ இருக்கா?"

அப்போதுதான் ஷட்டர்காரருக்கு உறைத்தது. வாயைத் திறந்து அண்ணனைக் காட்டிக் கொடுத்தாகிவிட்டது. அதுவும் டீயும் பிஸ்கட்டும் கொடுத்து. தான் என்று சொல்லி உள்ளே போயிருந்தாலும் காமிரா காப்பாற்றியிருக்கும், பெரியவன் ஒருவன் இருப்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது. இத்தனை வருஷம் கதவு தட்டப்படுவதையே நினைத்துக்கொண்டிருந்த மனிதர், தட்டியவர்கள் எதற்காக வருவார்கள் என்று ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

போட்டோ பழசு. வயது இருபதில் எடுத்தது. இன்ஸ்பெக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு இவரைப் பார்த்தாள். "இதைவிட நீங்களே நல்ல போட்டோ. எங்களோட வந்து அந்தத் தெருவுல நாலு பேர்கிட்ட முகத்தைக் காட்டினீங்கன்னா வேலை முடிஞ்சுது. கட்டாயம் இல்ல, வர மாட்டேன்னா நான் வற்புறுத்த முடியாது."

"போகாதீங்க" என்று மனைவி கண்ணால் சொன்னாள். அவர் போனார். அவன் நடக்கிற தெருவை ஒருதரம் பார்க்கலாமே என்ற ஆசைதான். அந்த ஆசையைத் தவிர வேறு காரணம் சொன்னால் அது பொய்.

வேன் திருடு போன தெரு நெரிசலானது. கீழே கடைகள், மேலே வாடகை வீடுகள். இன்ஸ்பெக்டரம்மா ஒவ்வொரு கடையாக நிறுத்தி, "இவரை மாதிரி யாரையாவது பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டாள். சைக்கிள் கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். பழக்கடைக்காரர், "பார்த்த மாதிரியும் இருக்கு, பார்க்காத மாதிரியும் இருக்கு" என்று இரண்டு பக்கமும் பேசினார். ஒவ்வொரு தலையாட்டலுக்கும் ஷட்டர்காரருக்கு நிம்மதி வந்தது, கூடவே வலியும் வந்தது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு நடந்தார்.

தெருக்கோடியில் இஸ்திரிக் கடை. வயதான அம்மா ஒருத்தி சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். கடையை ஒட்டி மாடிப்படி. கடைசிப் படியில் ஒரு ஜோடி ஆண் செருப்பு, குதிகாலில் வெளிப்பக்கம் மட்டும் தேய்ந்து சாய்ந்திருந்தது. ஷட்டர்காரர் தன் காலைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, அவர் செருப்பும் அப்படித்தான் தேயும். பக்கத்தில் சின்னக் குழந்தையின் செருப்பு ஒரு ஜோடி இருந்தது.

இஸ்திரியம்மா நிமிர்ந்தாள். இவரைப் பார்த்ததும் முகத்தில் அந்தச் சிரிப்பு வந்துவிட்டது, தினம் பார்க்கிறவரைப் பார்த்தால் வருமே, அது. வாயைத் திறந்தாள். இன்ஸ்பெக்டரம்மா இரண்டு எட்டு பின்னால், பக்கத்துக் கடையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். அந்த ஒரு கணத்தில் ஷட்டர்காரர் இஸ்திரியம்மாவின் கண்ணைப் பார்த்து, வேண்டாம் என்று லேசாகத் தலையை ஆட்டினார்.

"இவரை மாதிரி யாராவது இங்க இருக்காங்களாம்மா?"

அவள் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்தி வைத்தாள். இவரை ஏற இறங்கப் பார்த்தாள். சட்டையை, கிரீஸ் படிந்த கையை. ஆள் வேறு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இல்லீங்களே. பார்த்ததே இல்ல."

அண்ணனுடைய செருப்புக்கு இரண்டு எட்டு தூரத்தில் நின்று, "சரி, வாங்க போலாம்" என்று போலீஸ் கூப்பிட, ஷட்டர்காரர் திரும்பி நடந்தார். மேலே ஜன்னல் திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்றுகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் இன்ஸ்பெக்டரம்மாவும் பார்ப்பாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

வேன்காரருக்கு இன்சூரன்ஸ் கிடைத்துவிட்டது, அவரும் கேஸை விரட்டவில்லை. ஆள் அகப்படவில்லை என்று மூடிவிட்டதாக ஏட்டையா மூலம் சேதி வந்தது. வந்த மறுநாளே ஷட்டர்காரர் பஸ் ஏறினார். மனைவி தலை வாரிவிடாத குறைதான். நல்ல சட்டையை எடுத்துக் கொடுத்து, பட்டனைச் சரிபார்த்து அனுப்பினாள்.

படியில் செருப்பு இல்லை. இஸ்திரியம்மா இவரைக் கண்டதும் ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"நீங்க வந்துட்டுப் போன அன்னிக்கே காலி பண்ணிட்டாங்கப்பா. வீட்டுக்காரம்மா, குழந்தை எல்லாரும். எங்க போறாங்கன்னு நானும் கேக்கலை, அவரும் சொல்லலை."

ஷட்டர்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து காலியான படியைப் பார்த்தார். பிறகு, "வேனை எதுக்கு எடுத்தான்?" என்றார்.

"தெரியலை. அதையும் நான் கேக்கலை. கெட்டவர் இல்லப்பா. கொஞ்சம் அவசரக்காரர்."

"ஆமா. என்னை முந்திக்கிட்டுப் பிறந்தவன்" என்றார் இவர். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நான் வந்ததை அவன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். போலீஸ் கூட வந்தார்னும் சொன்னேன், வேண்டாம்னு தலையாட்டினார்னும் சொன்னேன். ரெண்டையும் கேட்டுக்கிட்டு அப்படியே இந்த ஸ்டூல்ல உக்காந்துட்டார். தம்பி ஒருத்தன் இருக்கான்னு அதுவரைக்கும் வாயைத் திறந்து சொன்னதில்ல மனுஷன். அப்புறம் கேட்டார், எப்படி இருக்கான்னு. எப்படி இருக்காரா, உங்களை மாதிரியேதான் இருக்கார்னேன். 'அது தெரியும். தலை நரைச்சிருக்கா? வயிறு போட்டிருக்கா? நல்ல சட்டை போட்டிருந்தானா?'னு நோண்டி நோண்டிக் கேட்டார். கண்ணாடியைப் பார்த்தா தெரிஞ்சிட்டுப் போகுதுன்னு சொன்னேன். அதுக்கு அழுதுட்டார்ப்பா."

ஷட்டர்காரர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். அவள் ஒரு சட்டையை விரித்துத் தேய்க்க ஆரம்பித்தாள். தெருவில் போன ஒருவர், "என்னண்ணே, வீடு காலி பண்ணிட்டீங்கன்னாங்க? பாப்பா நல்லா இருக்காளா?" என்று குரல் கொடுத்தார். பெரியவனுக்குப் பிறந்தது பெண் என்பது இவருக்கு அப்போதுதான் தெரிந்தது. நிமிர்ந்து, "நல்லா இருக்கா" என்றார்.

திரும்பி வரும் வழியெல்லாம் ஒன்றே ஒன்றைத்தான் யோசித்தார். அவன் பாவம் தன் முகத்தைத் தூக்கிக்கொண்டு இவ்வளவு தூரம் ஓடி வந்திருக்கிறான். ஒரு மனைவி, ஒரு பெண், அவனை அவனாக மட்டும் தெரிந்த ஒரு தெரு. அத்தனையையும் இவருடைய எண் ஒரே நாளில் காலி செய்துவிட்டது. இனி அவன் எங்கே போனாலும் விரல் கிழிந்தால்கூடப் போலீஸ் இங்கே வரும், இவரை நடமாடும் போட்டோவாகத் தெருத்தெருவாகக் கூட்டிப் போகும், அவன் மறுபடி மூட்டை கட்டுவான். அவன் பாதி அந்தக் கம்ப்யூட்டரில் கிடக்கிறது, ஆனால் அதை அழிக்கச் சொல்லும் உரிமை அவனுக்கு இல்லை. சட்டப்படி அது தம்பியின் உரிமை.

வக்கீலம்மா இப்போது கொஞ்சம் பருத்திருந்தாள், மேஜையும் பெரிதாகியிருந்தது. அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, "நல்லா யோசிச்சீங்களா சார்? அழிச்சா அழிச்சதுதான். திரும்பப் போட முடியாது" என்றாள்.

"யோசிச்சேம்மா" என்று கையெழுத்துப் போட்டார்.

அழித்தாகிவிட்டது என்று பதில் வர வெகுநாள் பிடித்தது. அதைச் சொல்ல ஏட்டையாவே நேரில் வந்தார். நல்ல சேதி சொல்லும் தோரணையில் தோளில் தட்டி, "இனிமே உங்களுக்கும் எங்களுக்கும் ஒரு ஒட்டும் உறவும் இல்லய்யா. யாரும் உங்களைத் தேடி வர மாட்டாங்க, நிம்மதியா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஷட்டர்காரர் வேலைக்குப் போகவில்லை. மனைவி சாப்பாடு போட்டு எதிரில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் கேலி பேசியவள் இன்று கேலி பேசவில்லை. இவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இவ்வளவு நாளா, யாராவது ஒருத்தர் அவனைக் கொண்டுவந்து காட்டிடுவாங்கன்னு நினைச்சிட்டிருந்தேன்" என்றார். "இனிமே அவனா வந்தாத்தான் உண்டு."

"வருவாருங்க" என்றாள் அவள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு அவனைத் தெரியாதே. பார்த்ததுகூட இல்லையே."

"நான் பார்க்காத முகமா?" என்று சொல்லிவிட்டு, அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.